உன் பெரியம்மாவுக்குச் சேர வேண்டிய சொல்

தம்பி,

நீ நன்றாக இருப்பதைப் போன வாரம்தான் ஆரம்பாக்கம் வந்து கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதனால் நலம் விசாரித்து இரண்டு வரியை வீணாக்கப் போவதில்லை. உன் அக்கா பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். நான் எழுதுகிற பலகையைச் சுற்றி வந்து கூச்சல் போடுகிறார்கள், அதையும் பொறுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உன் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் நீ எழுதிய நாடகத்தைப் பார்த்தேன். கரையோரத்துப் பெண் ஒருத்தி. புருசன் போன தோணி வரவில்லை, காற்று திரும்பிவிட்டது. அவள் அழவில்லை, கரைக்கு ஓடவில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்த சட்டியையே எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்க்கிறாள், கவிழ்க்கிறாள், மறுபடி எடுக்கிறாள். அந்த இடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். என் வயிற்றில் பிறந்தவனுக்கு இது எப்படி வந்தது என்று நான் வியந்துகொண்டிருக்கும்போதே நீ மேடையேறி மைக்கைப் பிடித்தாய். "இந்த நாடகத்துக்கு உந்துதல் என் தாய். அந்தப் பெண் என் அம்மாதான்" என்றாய். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அடுத்தவள் புடவையைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவள் மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன்.

அது நான் இல்லை, தம்பி. தோணி வர நேரமானால் நான் படுத்துத் தூங்கிவிடுவேன். பயம் வந்தால் தூக்கம் வருகிற உடம்பு எனக்கு. உன் நைனா கரையேறி வந்து என்னைத் தட்டி எழுப்பித்தான் சோறு போடச் சொல்வார், அதைச் சொல்லிச் சொல்லியே கடைசிவரை சிரித்தார். சட்டி கழுவினது உன் பெரியம்மா ராஜாத்தி. உன் பெரியப்பா பெண்சாதி, என் ஓரகத்தி. நான் மீன் கூடையோடு பொன்னேரி பஸ் ஏறும்போது உன்னை அவள் வீட்டில்தானே விட்டுவிட்டுப் போவேன்? அவள் அடுப்படியில் உட்கார்ந்து நீ பார்த்தது அது. உனக்குக் கை ஞாபகம் இருக்கிறது, முகம் மறந்துவிட்டது. மறந்த முகத்துக்குப் பதில் என் முகத்தை வைத்துவிட்டாய். பொன்னேரியில் மறுபடி அந்த நாடகம் நடக்கப் போகிறது என்றாய். அங்கேயும் உன்னைப் பேசச் சொல்வார்கள். அதற்கு முன் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். உந்துதல் என்ற சொல்லை நீ வாத்தியாருக்குப் படித்துக் கற்றுக்கொண்டாய். எனக்கும் அந்தச் சொல் தெரியும். எத்தனையோ மத்தியானம் நாங்கள் பெண்கள் ஒரு கூட்டமாக உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டியிருக்கிறோம். அதன் பொருட்டு எனக்கும் உன் பெரியம்மாவுக்கும் நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உன் ஆயாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உன் நைனாவைப் பெற்றவள். நீ அரைஞாண் கயிற்றோடு ஓடிக்கொண்டிருந்த வயதில் போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு என்னைப் பிடிக்காது, எனக்கு அவளைப் பிடிக்காது. இரண்டு பேரும் அதை மறைத்ததில்லை. ராஜாத்தி அவளுடைய சொந்தத் தம்பி மகள். வீட்டில் கொடுவா மீன் ஆக்கினால், ஆயா சட்டியிலிருந்து தலையை எடுத்து வைத்துக்கொண்டு, "ராஜாத்தி, ஏ ராஜாத்தி" என்று வாசல்வரை போய்க் கூப்பிட்டு, தன் கையாலேயே அவள் தட்டில் வைப்பாள். எனக்கு வால். அவள் இருந்தவரை வால்தான். நான் வாலைத் தின்றுகொண்டே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கும் வால் துண்டு என் தட்டில் விழுந்தால் எடுத்துப் பூனைக்குப் போட்டுவிடுகிறேன், நீயே பார்த்திருக்கிறாய்.

அவள் செத்த அன்று காலையில் கோரைப்பாயில் கிடத்தி, பெண்கள் சுற்றி உட்கார்ந்தோம். முதல் ஒப்பாரி மூத்த மருமகள்தான் எடுக்க வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். எல்லாரும் ராஜாத்தியைப் பார்த்தார்கள். அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தது, மூடியது. அந்த அமைதி நீண்டுகொண்டே போனது. அதுவரை எந்தச் சாவிலும் நான் தனியாகக் குரல் எடுத்தவள் இல்லை. கூட்டத்தோடு முனகுகிறவள்தான். அன்று என் வாயைத் திறந்தது யார் என்று எனக்குத் தெரியாது.

கொடுவாத் தலை எடுத்துவச்சு
கூப்பிட்டுத் தந்த கையி
கோரப்பாயில் கெடக்குதே, என்னைக்
கூப்பிடாம கெடக்குதே

இப்படி ஆரம்பித்து, பாடை தூக்கும்வரை நிற்கவில்லை. பக்கத்துக் குப்பத்துப் பெண்களெல்லாம் கேட்டு வந்து உட்கார்ந்தார்கள். வலையை அப்படியே போட்டுவிட்டு ஆம்பளைகள் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு யார் வீட்டில் சாவு விழுந்தாலும் என்னைத்தான் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஆனால் பதினாறாம் நாள் கழிந்ததும் ராஜாத்தி தண்ணீர்க் குழாயடியில் நின்று, இருந்த பெண்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள்: "இன்னா நடிப்பு பாத்தீங்களா. பொய் ஒப்பாரி. அத்தனையும் பொய்யி." நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றோடு அவளோடு பேச்சு இல்லை. உன்னை விடும்போதுகூடச் சுவரைப் பார்த்து, "பையன் வரான்" என்பேன். அவளும் சுவரைப் பார்த்து, "வரட்டும்" என்பாள். வெளியில் எனக்குக் கோபம். உள்ளே இன்னொன்று இருந்தது. பிடிக்காதவளுக்கு அப்படி ஒரு பாட்டு வந்ததென்றால் ராஜாத்தி சொன்னதுதான் நிஜமோ, நான் அவ்வளவு பொய்யானவளோ என்ற பயம். எந்தச் சாவு வீட்டில் என்னைப் புகழ்ந்தாலும் அந்தப் பயமும் கூடவே வந்து பக்கத்தில் உட்காரும்.

ஏழெட்டு வருடம் போனது. எமர்ஜென்சி எல்லாம் முடிந்து, முதியோர் கல்வி என்று ஊர் ஊராக ஆரம்பித்தார்களே, அப்போது நம் குப்பத்துக்கு நூர்ஜகான் டீச்சர் வந்தாள். பழவேற்காட்டு முஸ்லிம் வீட்டுப் பெண். முன்னோர்கள் கப்பல் வைத்து வியாபாரம் செய்தவர்கள் என்பார்கள், அவள் அத்தா காலத்தில் ஒரு துணிக்கடைதான் மிச்சம். எங்களில் பாதிப் பேருக்கு மகள் வயது. மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வருவாள், வந்ததும் காலைக் கழுவிக்கொண்டு எங்களோடு தரையிலேயே உட்காருவாள். மீன் விற்று வந்து குளித்துச் சாப்பிட்டபின் கிடைக்கிற மத்தியான நேரத்தில், வலை உலர்த்துகிற கொட்டகையில்தான் வகுப்பு. எனக்கு எழுத்து வந்தது அவளால். இந்தக் கடிதத்தில் பிழை இருந்தால் அவளைச் சொல்லாதே, என்னைச் சொல்.

ஒருநாள் அவள் சுவரில் மாட்டிய அட்டையில், "கல்வி உயர்வுக்கு உந்துதல்" என்று இருந்தது. விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டோம். கல்வி தெரிந்தது, உயர்வு தெரிந்தது. கடைசிச் சொல் யாருக்கும் தெரியவில்லை. "உந்துறதுன்னா தள்ளுறது அக்கா" என்றாள் டீச்சர். எங்களில் வயதில் மூத்தவள் குப்பம்மா கிழவி. அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் குப்பத்திலேயே கிடையாது. "எம் புருசன் என்னைத் தெனம் தள்ளுனான். நான் எங்க உயர்ந்தேன்?" என்றாள். கொட்டகையே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, "வெளியில இருந்து தள்றது இல்லம்மா. உள்ள இருந்து ஒண்ணு தள்ளும் பாருங்க, அது" என்றாள்.

"வயிறா?" என்றாள் ஒருத்தி.

"வயிறு நெறஞ்ச பின்னாடியும் தள்ளும். அது இன்னா?" என்று டீச்சர் கேட்டாள்.

நாங்கள் அவளைப் பார்த்தோம். அவள்தானே சொல்ல வேண்டும். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "எனக்குத் தெரியலக்கா. புத்தகத்துல ஊக்கம்னு போட்டிருக்கு. அது பத்தல. உங்களுக்கு எப்பவாச்சும் அப்படி வந்திருந்தா சொல்லுங்க, சேர்ந்து பாக்கலாம்" என்றாள். தம்பி, நான் எத்தனையோ படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தாலுகா ஆபீசில், ஆஸ்பத்திரியில், உன் பள்ளிக்கூடத்தில்கூட. எங்கள் முன்னால் உட்கார்ந்து எனக்குத் தெரியவில்லை என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். அப்படிச் சொன்னதும் எங்கள் வாய் திறந்துகொண்டது. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் அட்டை மாறவே இல்லை. எழுதப் பலகையை எடுப்போம், யாராவது ஒருத்தி அந்தச் சொல்லை இழுப்பாள், பலகை மடியிலேயே கிடக்கும்.

குப்பம்மா கிழவி அது சாமி என்றாள். "ஆடித் திருவிழாவுல அம்மா எம்மேல வரும்போது நானா ஆடறேன்? நான் ஆடுனா முட்டி புடிச்சுக்கும். ஆடறவ வேற." ஒருத்தி டீச்சரைப் பார்த்து, "உங்கள்ல சாமி வருமா டீச்சர்?" என்று கேட்டாள். எங்களுக்கே திக்கென்றது. டீச்சர் முகம் மாறவில்லை. "ஆடறதெல்லாம் இல்லக்கா. ஆனா எங்க அத்தா தொழுதுட்டு எழுந்தாருன்னா கொஞ்ச நேரம் யார்கிட்டயும் பேச மாட்டாரு. யாரோ சொன்னதைக் கேட்டுட்டு வந்தவர் மாதிரி இருப்பாரு" என்றாள். குப்பம்மா கிழவி தலையை ஆட்டி, "அதேதான்" என்றாள்.

தேசம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும், முகத்துவாரத்தில் தோணி கவிழ்ந்து புருசனைப் பறிகொடுத்தவள். பனையோலைக் கூடை முடைந்து பிழைத்தாள். அவள் அதிகம் பேசமாட்டாள். அன்று பேசினாள். "சாமியும் இல்ல. எனக்கு ஓலையில வந்துது. ஒருநாளு கூடைக்கு மூடி முடைஞ்சிக்கினு இருந்தேன். கை வேற பக்கமா போச்சு. நான் அது பின்னாடியே போனேன். முடிச்சுப் பாத்தா மீனு. வாலு, செதிலு எல்லாம் இருந்துது. எனக்கு யாரும் சொல்லித் தரல." உடனே ராஜாத்தி எதிர்ப் பக்கத்திலிருந்து, "எங்கியாச்சும் பாத்திருப்பே. பழவேற்காட்டுக் கடையில தொங்கிச்சு அந்த மாதிரி. நீ மறந்துட்டே, கை மறக்கல. திருடுனதுக்கு இன்னா பேரு வெச்சா இன்னா" என்றாள். தேசம்மா முகம் சுருங்கிவிட்டது. டீச்சர் மெதுவாக, "அந்தக் கடைப்பக்கம் நாம எல்லாருந்தான் போறோம் ராஜாத்தியக்கா. எல்லாருக்கும் ஓலையில மீன் வரலியே?" என்றாள். ராஜாத்தி பலகையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

எனக்கு அப்போது பொறுக்கவில்லை. சுவரைப் பார்த்தேதான் பேசினேன். "எனக்கும் ஒருவாட்டி வந்துது டீச்சர். வந்ததைப் பொய்யின்னு சொன்னவங்களும் இங்கதான் குந்திக்கினு இருக்காங்க." "பொய்யின்னுதான் சொன்னேன். இப்பவும் சொல்றேன்" என்றாள் ராஜாத்தி. எது பொய் என்று டீச்சருக்குப் புரியவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். "அந்தப் பாட்டு எப்படிக்கா இருந்துச்சு?" என்று டீச்சர் கேட்டாள். குப்பம்மா கிழவி கையை நீட்டித் தடுத்தாள். "சாவு இல்லாத எடத்துல ஒப்பாரி எடுக்கக்கூடாதும்மா. நீ பாடாத, சும்மா சொல்லு." நான் அட்டையைப் படிக்கிற மாதிரி ராகம் இல்லாமல் சொன்னேன். கொடுவாத் தலை எடுத்துவச்சு, கூப்பிட்டுத் தந்த கையி.

"நில்லு" என்றாள் ராஜாத்தி. சுவரைப் பார்த்து இல்லை, நேராக என்னைப் பார்த்து. "கூப்பிட்டுத் தந்த கையி. யாரைக் கூப்டுது அந்தக் கையி? உன்னையா? ஒருநாளு உன்னைக் கூப்டாளா அவ? என்னைத்தான் கூப்டா. அந்தத் தலை எனக்கு வெச்சது. நீ வாலு துன்னவ. அந்த ஒப்பாரி என்னுதுடீ. எனக்குள்ள இருந்துது, வாயிக்கு வரல. நீ எடுத்துக்கினே. ஊரே உன்னைக் கொண்டாடிச்சு. என்னை, பெத்தவ மாதிரி வளத்தவளுக்கு ஒரு சொட்டுப் பாட்டு பாடாதவன்னு சொல்லிச்சு."

சொல்லிவிட்டு அவள் மூச்சு வாங்கினாள். எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டிய இடம், ஆனால் வரவில்லை. அவள் சொன்னது முழுக்க நிஜம், தம்பி. அந்தப் பாட்டை நான் நூறுமுறை மனதில் ஓட்டிப் பார்த்தவள், யாரைக் கூப்பிட்ட கை என்று ஒருமுறையும் கேட்டுக்கொண்டதில்லை.

தேசம்மாதான் பேசினாள், தன்னைத் திருடி என்று சொன்ன ராஜாத்தியைப் பார்த்து. "எம் புருசன் பொணம் கரைக்கு வந்தப்போ எனக்கும் ஒரு சொல்லு வரலக்கா. உந்துறதுன்னா தள்றதுன்னு டீச்சர் சொன்னாங்களே. ஏரியில கழி போட்டுத் தள்றோம். தரை தட்டுனாதான் தோணி போவும். முகத்துவாரத்துல போட்டா கழி முழுசா உள்ள போயிடும், தரை இருக்காது, தோணி அங்கியே சுத்தும். உனக்கு அன்னிக்கு அவ்ளோ ஆழம். அவளுக்கு" என்று என்னைக் காட்டினாள், "இடுப்பளவுதான். அதான் கழி எட்டிச்சு. எனக்கு ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தரை தட்டிச்சு. அதுதான் அந்த மீனு." ராஜாத்தி அழுதாள். ஆயா செத்த அன்று அழாத அழுகை அது. எனக்கு ஒரு பக்கம் சுருக்கென்றது, இடுப்பளவு என்று சொன்னது. இன்னொரு பக்கம், ஏட்டில் இல்லாத ஒன்றை இவள் எங்கிருந்து எடுத்தாள் என்று தேசம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் அதோடு விடவில்லை. அவள் கெட்டிக்காரத்தனம் எல்லாம் கேள்வியில்தான் இருந்தது. என் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்க பாடும்போது உங்க கண்ணு எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். அத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. நான் கண்ணை மூடி அந்தக் காலையை நினைத்துப் பார்த்தேன். எனக்கு எதுவும் மறக்காது. பாய் தெரிந்தது, தலைமாட்டு விளக்கு தெரிந்தது. ஆனால் செத்தவள் முகம் தெரியவில்லை. அந்தப் பக்கம் நான் பார்க்கவே இல்லை.

"அவ மூஞ்சியில" என்றேன். ராஜாத்தியைக் காட்டினேன். "அவ வாயி தொறந்து தொறந்து மூடிச்சு. அதையேதான் பாத்துக்கினு இருந்தேன். பாத்துக்கினு இருக்கும்போதுதான் வந்துது."

"அப்போ அது யாரோடது அக்கா? வெச்சிருந்தவங்களுதா, வாயில வந்தவங்களுதா?" என்று மட்டும் டீச்சர் கேட்டாள். குப்பம்மா கிழவிதான் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, "ஒரு மீன் தலைக்கு இத்தினி வருசமாடீ ரெண்டு பேரும் சுவத்தோட பேசிக்கினு இருந்தீங்க?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ராஜாத்தியும் அழுதுகொண்டே சிரித்தாள். நான் பொய்யானவள் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பாட்டு என்னுடையது இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டும் ஒரே நாளில் கிடைத்தது நூர்ஜகான் டீச்சரால். அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணமாகிக் காயல்பட்டணம் பக்கம் போய்விட்டாள். அதன்பின் வந்தவர் அட்டையைத் தினமும் மாற்றினார். நாங்கள் நிறைய எழுத்துக் கற்றுக்கொண்டோம், ஒரு சொல்லைப் பற்றியும் யாரும் எங்களைக் கேட்கவில்லை.

உந்துதல் என்றால் என்ன என்று அவளைப் போல எனக்கும் முழுசாகத் தெரியாது. சாமி என்று குப்பம்மா கிழவி சொன்னதையும் நான் தள்ளிவிடவில்லை. தரை தட்டுவது என்று தேசம்மா சொன்னதையும் தள்ளிவிடவில்லை. எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: இன்னொருத்தருக்குள் வெளியே வர முடியாமல் நிற்கிற ஒன்றை, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறவர்கள் வழியாக அது வந்துவிடும். பார்த்தவருக்குப் பார்த்தது தெரியாது. நான் ராஜாத்தி வாயைப் பார்த்தேன். நீ அவள் கையைப் பார்த்தாய். உன் பெரியப்பா தோணி தாமதித்த நாள்களில் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் சொல்லாததெல்லாம் அந்தச் சட்டிக்குள் போனது. நீ அதை அடுப்படியில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டாய். அதை அவ்வளவு பேர் அழும்படி மேடையில் கொண்டுவந்தாயே, அது உன் கெட்டிக்காரத்தனம். அதில் யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டாம், எனக்கும் கொடுக்க வேண்டாம். ஆனால் அதை யார் வைத்திருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். என் பாட்டை ஊர் கொண்டாடினபோது அதைச் சொல்ல ஆள் இல்லாமல் அவள் ஏழெட்டு வருடம் புழுங்கினாள். இரண்டாவது தடவையும் அவளுக்கு அப்படி நடக்க வேண்டாம், அதுவும் நம் வீட்டாலேயே.

நீ நினைக்கலாம், அம்மாவுக்கு மனசு இளகிவிட்டது, பெரியம்மாவோடு ராசியாகிவிட்டாள் என்று. அப்படியெல்லாம் இல்லை. நேருக்கு நேர் பேசிக்கொள்கிறோம், அவ்வளவுதான். என் சேவலை அவள் அறுத்துக் குழம்பு வைத்துவிட்டு நரி கொண்டுபோனது என்றாளே, அதை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை. அது தனி வழக்கு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

பொன்னேரிக்கு அவளை நீயே வந்து அழைத்துப் போ. என்னைச் சொல்லி அனுப்பச் சொல்லாதே, நான் சொன்னால் வரமாட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வை, அவளுக்குத் தலை சுற்றும். நாடகக் கொட்டகையில் முன் வரிசையில் உட்கார வை. மைக்கில் பெயரைச் சொல், பெரியம்மா என்று மட்டும் சொன்னால் போதாது, ராஜாத்தி என்று சொல். நான் பின்னால் எங்கேயாவது உட்கார்ந்துகொள்கிறேன். எல்லாரும் கைதட்டும்போது அவள் கட்டாயம் திரும்பி என்னைத் தேடுவாள். அப்போது நான் குனிந்து செருப்பைத் தேடுகிற மாதிரி இருந்துவிடுவேன். நீ மட்டும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரு.

அம்மா